தலைக்கு மேலே ஒரு குழல் விளக்கு

ஓசூர் என்றாலே குளுகுளு ஊர் என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஆனால், அந்தக் குளிர்ச்சி ஷீட் கூரை போட்ட தையல் கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஏப்ரல் மாத மதியம், மேலே கூரை கொதிக்கும். ஒரு பக்கம் அயர்ன் பாக்ஸ் நீராவி, இன்னொரு பக்கம் மெஷின் மோட்டார், நெற்றிக்கு நேர் மேலே விளக்கு. காலர் தைக்கும் பெண்ணின் கை தளரும். மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட் மட்டும் தளராது. ``என்னம்மா, தூங்குறியா?'' என்று சூப்பர்வைசர் அதட்டுவார்.

சோம்பலா, சூடா? அத்திப்பள்ளியைத் தாண்டினால் வரும் பெங்களூரு வட்டாரத்து ஆயத்த ஆடை ஆலைகளில் இதற்கு விடை கிடைத்தது. கரன்ட் செலவைக் குறைக்க, அங்கே குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பொருத்தினார்கள். எல்.இ.டி. வெளியிடும் சூடு, பழைய விளக்கில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நியஷதம் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், ஆலைகளின் தினசரி உற்பத்திக் கணக்கை வெயிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெயில் ஏறிய நாள்களில் சரிந்துகொண்டிருந்த உற்பத்தி, விளக்கு மாறிய பிறகு பெரும்பாலும் சரியவில்லை. அதே பெண்கள், அதே மெஷின். அந்த லாபத்தையும் சேர்த்தால், விளக்குக்குப் போட்ட முதல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலத்திலேயே திரும்பிவிடும் என்று கணக்கிட்டார்கள்.

இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான இன்னோர் ஆய்வும் இதையே சொன்னது. ஆண்டின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், உற்பத்தி சுமார் 2 சதவிகிதம் குறைகிறது. வேகம் குறைவதோடு லீவும் கூடுகிறது.

கூடத்துக்குள் சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது.

பெரிய ஏ.சி-க்கு முதலாளி யோசிக்கலாம். கூரைக்கு வெள்ளை பெயின்ட், சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன், கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர் ஆகியவற்றுக்கு அவ்வளவு செலவில்லை. பாத்ரூம் போகத் தயக்கமின்றி அனுமதியும் வேண்டும். அது கிடைக்காது என்று பயந்தே எத்தனையோ பெண்கள் தண்ணீர் குடிக்காமல் ஷிஃப்டை முடிக்கிறார்கள். சாயங்காலம் சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் திரும்பும் கம்பெனி பஸ்ஸில், தலைவலியோடு ஜன்னலில் சாய்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். இனி உற்பத்தி குறைந்த நாளில் சூப்பர்வைசர் முதலில் பார்க்க வேண்டியது, சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரை.