பெரியபாளையத்துக்கு எந்த வண்டி?

ஆடி பொறக்க ஒரு மாசம் இருக்கும்போதே எங்க சடையங்குப்பத்துல பேச்சு கிளம்பிடும். இந்த வருஷம் பெரியபாளையத்துக்கு எந்த வண்டி, எந்த எடத்துல தங்கறது? சாமிக்கு என்ன செய்யறதுங்கறதுல சண்டையே வராது. அது பாட்டன் காலத்துலயே முடிவான விஷயம். வேப்பஞ்சேலை, மொட்டை, பொங்கல், கோழி. சண்டையெல்லாம் வண்டியிலயும் தங்கற எடத்துலயும்தான்.

டவுன்ல இருக்கற நீங்க கேரவன்னு ஒண்ணு பேசறீங்க. எங்களுக்குக் கேரவன்னா ஷூட்டிங் நடக்கற எடத்துல நடிகருங்க ஏசி போட்டு உக்காந்திருக்கற வண்டி. கேரளாவுல 2021-ல அரசாங்கமே இதுக்குன்னு ஒரு கொள்கை போட்டு, வாகமண்ல வண்டிங்க நிக்கறதுக்கு ஒரு பார்க்கும் திறந்தாங்க. உள்ளயே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்குமாம். இந்தக் கேரவன்ங்கறது பாரசீக வார்த்தை, பாலைவனத்துல கூட்டமா சேர்ந்து போற வியாபாரிங்களுக்குப் பேருன்னு படிச்சேன். அப்படிப் பாத்தா ஆடி மாசம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு வடசென்னையிலேருந்து சட்டி பானை, ஆடு கோழியோட பவானியம்மன் கோயிலுக்குக் கிளம்பற நாங்கதான் அசல் கேரவன். ஏசி மட்டும் இல்ல.

சடையங்குப்பம் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: மணலிக்கு வடக்க, கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போற வழியில. 2011-லேருந்து நாங்க சென்னை மாநகராட்சி. ஒரு பக்கம் புகைபோக்கி, ஒரு பக்கம் நெல்லு. இங்கேருந்து பெரியபாளையம் சுமாரா 40 கிலோமீட்டர். மணலி, மாதவரம், செங்குன்றம், காரனோடை பாலம், அப்புறம் ஜனப்பன்சத்திரம் கூட்ரோட்டுல இடது கைப் பக்கம் திரும்பி கன்னிகைப்பேர் வழியா போனா ஆரணி ஆத்தங்கரையில கோயில்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ கூண்டு வண்டிதான். நைனா வண்டி கட்டற அழகை இன்னும் பாத்துக்கிட்டே இருக்கலாம் போலிருக்கும். மூங்கிலை வளைச்சு மேல பாய் போட்டு, உள்ள வைக்கோலைத் தொடை உசரத்துக்குப் பரப்பி, மேல ஜமுக்காளம். அந்த வைக்கோல்தான் எங்களுக்கு மெத்தை, மாட்டுக்குத் தீனி. போகும்போது உசரமா உக்காந்து போவோம், வரும்போது பலகை முதுகுல இடிக்கும். பாதி மெத்தையை மாடு தின்னுட்டிருக்கும் இல்லையா. எங்க வீட்டு வண்டி இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரம். பெரியப்பா வீட்டுது டயர் வண்டி. டயர் வண்டி மாட்டுக்கு லேசு, குலுக்கலும் கம்மி. நாங்க எல்லாம் பெரியப்பா வண்டியில தொத்திக்குவோம்.

மாடு மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டர்தான் நடக்கும். அதனால நடுவுல ஒரு ராத்திரி தங்கியே ஆகணும். ஜனப்பன்சத்திரம்னு பேரைப் பாருங்க, பேருலயே சத்திரம் இருக்கு. வழிப்போக்கன் தங்கின எடமெல்லாம் இப்போ வெறும் பஸ் ஸ்டாப்பு பேரா நிக்குது. நைனா தங்கற எடம் தேடறப்போ மனுஷனுக்கு என்ன வசதின்னு பாக்கமாட்டார், மாட்டுக்கு என்ன வசதின்னுதான் பாப்பார். தண்ணி இருக்கா, தரை கெட்டியா இருக்கா, காலைல வண்டியை மேட்டுல ஏத்தாம அப்படியே ரோட்டுக்கு ஓட்டிட்டுப் போக முடியுமா. இந்த மூணும் சரியா இருந்தா மனுஷனுக்கும் சரியாதான் இருக்கும்பார். இன்னிக்கும் நான் எடம் பாக்கறது அந்தக் கணக்குலதான். மாட்டுக்குப் பதிலா டயரு, அவ்வளவுதான்.

அப்புறம் மாடு போச்சு, லாரி வந்தது. 2005-க்கு அப்புறம் குட்டியானை வந்தது. குட்டியானை வந்ததும் எல்லாருக்கும் ஒரே குஷி. பின்னாடி நாலு கம்பு நட்டு, மேல தார்ப்பாய் கட்டி, முன்னாடி வேப்பிலை செருகி, ஸ்பீக்கர் வச்சுட்டா முடிஞ்சது. பதினஞ்சு பேர் ஏறிடுவாங்க. வாடகையை பதினஞ்சால வகுத்தா டீக்காசு.

இதைப் பத்தி நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், ஊர்ல என்னைத் திட்டினாலும் பரவால்ல. சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, போலீஸ் பிடிச்சா அபராதம். அதுகூட போகட்டும். இன்சூரன்ஸ் விஷயம் ஒண்ணு இருக்கு. சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போறவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. வண்டிக்காரன் கைக்காசுலேருந்துதான் குடுக்கணும். குட்டியானை வச்சிருக்கறவன்கிட்ட கைக்காசு எங்க இருக்கும்? வண்டியே தவணையில ஓடுது. எங்க சொந்தத்துல ஒரு பையன் திருப்பத்துல பின்பலகை கழண்டு கீழ விழுந்தான். இடுப்பு எலும்பு போச்சு. ஆறு மாசம் படுக்கை, ஒரு பைசா யாரும் குடுக்கல. அதுலேருந்து எங்க வீட்ல குட்டியானைன்னா சாமானுக்கு மட்டும்தான். டிரைவர் பக்கத்துல ஒரு ஆள், அவ்வளவுதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2021 நவம்பர்ல பூண்டி ஏரியைத் திறந்து விட்டப்போ கொசஸ்தலை எங்க ஊருக்குள்ள வந்துடுச்சு. 2015-லயும் வந்ததுதான். அம்மாவைப் போட்டுல ஏத்தி வெளிய கொண்டுவந்தோம். போட்டுல உக்காந்துட்டு அம்மா வேண்டிக்கிச்சு. பசுமாடு ரெண்டும் பொழைச்சா, வேப்பஞ்சேலை கட்டி, ஒரு ராத்திரி உன் வாசல்ல தங்கறேன் தாயேன்னு. மாடு ரெண்டும் பொழைச்சுது. வேண்டுதல் நின்னு போச்சு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போய், கீழ உக்காந்தா எழுந்திரிக்க ரெண்டு பேர் வேணும். சர்க்கரை வேற. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகணும்.

தம்பி சொன்னான், கார்ல காலைல போய்ட்டு மத்தியானம் வந்துடலாம்னு. நியாயமாதான் சொன்னான். அம்மா ஒத்துக்கல. "தங்கறேன்னுதானேடா சொன்னேன். பாத்துட்டு ஓடிவர்றேன்னா சொன்னேன்?" அவ்வளவுதான் பேச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. ஆனா சாயங்காலம் மாட்டுக் கொட்டாய்ல நின்னுட்டு மாட்டைத் தடவிட்டே இருக்கும். பாக்க முடியல.

அப்போதான் கேரவன் ஞாபகம் வந்தது. உள்ளயே கட்டில், கக்கூஸ். அம்மாவுக்குச் செஞ்ச மாதிரி இருக்கேன்னு ஒரு எடத்துல போன் போட்டுக் கேட்டேன். ஒரு நாள் வாடகையைச் சொன்னாங்க. அந்தக் காசுல எங்க வகையறா மொத்தமும் ரெண்டு ஆடி போய்ட்டு வரலாம். இன்னொண்ணும் இருக்கு. அந்த வண்டி நிக்கற எடத்துல கரெண்டு வேணும், தண்ணி வேணும், கழிவை எடுக்க வழி வேணும். வாகமண் மாதிரி பார்க் இருக்கற ஊருக்கு அது சரி. ஆடி மாச பெரியபாளையத்துல அந்த அளவு வண்டியைத் திருப்பவே எடம் கிடையாது.

அதனால கேரவன்ல அம்மாவுக்கு என்ன தேவையோ அதைத் தனித்தனியா சேத்தோம். ஆளுங்களுக்கு ஒரு டெம்போ டிராவலர். மஞ்சள் போர்டுதான் வேணும்னு நின்னேன். வெள்ளை போர்டு வண்டிக்காரர் ஒருத்தர் தெரிஞ்சவர், கம்மியா கேட்டார், வேணாம்னுட்டேன். பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் மூணையும் கண்ணால பாத்தேன். ஸ்டெப்னி டயரைக் கையால அமுக்கிப் பாத்தேன், டிரைவர் மொறைச்சார். எல்லாத்தையும் விட முக்கியம் படிக்கட்டு. டெம்போ டிராவலர் படி அம்மாவுக்கு உசரம். பெயின்டர் ஒருத்தர்கிட்டேருந்து அகலமான முக்காலி ஒண்ணு வாங்கி வச்சு, ஏத்தி எறக்கி வீட்டு வாசல்லயே ஒத்திகை பாத்தோம். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க வண்டி பாக்கும்போது சீட்டை அமுக்கிப் பாக்கறதுக்கு முன்னாடி படியைப் பாருங்க.

சாமானுக்குக் குட்டியானை. அண்டா, விறகு, தார்ப்பாய், கோழி, அம்மாவுக்குக் கயித்துக் கட்டில். அதோட ஒரு கமோட் நாற்காலி. ஆஸ்பத்திரி சாமான் விக்கற கடையில கிடைக்கும், நடுவுல ஓட்டை, அடியில மூடி போட்ட பக்கெட்டு. 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல ஆச்சு. அதைப் பாத்ததும் அம்மாவுக்குக் கோவம். கோயிலுக்கு இதை எடுத்துட்டு வருவியான்னு. எங்க வீட்டம்மாதான் சமாளிச்சுது. "கோயிலுக்குள்ள யார் அத்தை எடுத்துட்டுப் போறாங்க, தோப்புல ஒரு மூலையில இருக்கப் போவுது" ன்னு. நாலு கம்பு நட்டுப் பழைய புடவையைச் சுத்திட்டா அறை ஆயிடுச்சு. லட்ச லட்சமா செலவு பண்ணிக் கேரவனுக்குள்ள கட்டறாங்களே, அந்த வேலையை இந்த நாற்காலியும் புடவையும் செஞ்சுடுச்சு.

தங்கற எடத்துக்கு நான் ஒரு வாரம் முன்னாடியே பைக்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். பெரியபாளையத்துல நிறைய பேர் ஆத்து மணல்லயே படுத்துக்குவாங்க. ஆடியில ஆரணி ஆறு அனேகமா காஞ்சுதான் கிடக்கும், மணல் மெத்துனு இருக்கும், காத்து வரும், காசும் கிடையாது. ஆனா எங்க ஊர்க்காரனுக்கு ஆத்து மடியில தூக்கம் வராது. தண்ணி சொல்லிட்டு வராதுன்னு ரெண்டு தடவை பாத்தாச்சு. மழை பெஞ்சா எந்தப் பக்கம் ஓடும்னுதான் முதல்ல பாத்தேன்.

எங்க வயல்ல அறுப்பு முடிஞ்சதும் வாத்து மேய்க்க வர்றவங்க இருப்பாங்க. ஒரு நீலத் தார்ப்பாயும் வாத்து வலையும்தான் அவங்க வீடு. அவங்களைவிட எடம் பாக்கத் தெரிஞ்சவங்க கிடையாது. அதுல ஒரு பெரியவர் எனக்கு ஒரு தடவை சொன்னார், சாயங்காலம் எடம் பாக்காதப்பா, மத்தியானம் பாரு, நிழலும் எறும்புப் புத்தும் அப்போதான் தெரியும்னு. அதே மாதிரி நான் மத்தியானம்தான் போனேன்.

கோயிலுக்குப் பக்கத்துல இருக்கற தோப்புங்கள்ல ராத்திரிக்கு வாடகை வாங்கிட்டு விடறாங்க. மூணு பாத்தேன். முதல் தோப்பு கோயிலை ஒட்டி, ஆனா ஸ்பீக்கர் நேரா மூஞ்சியில. ரெண்டாவதுல நல்ல நிழல், தென்னை. தென்னை மரத்தடியில கட்டில் போட எனக்குப் பயம், மட்டையும் காயும் நேரம் பாத்தா விழும்? மூணாவது மாந்தோப்பு, கொஞ்சம் தள்ளி. போர் தண்ணி இருக்கு, வாசல்ல ஒரு டியூப்லைட்டு, தரை மேடு. ஒரு ராத்திரி 1,500 கேட்டார். 1,200-க்கு முடிஞ்சது. சனி ராத்திரி வேணாம், புதன் ராத்திரின்னு சொன்னதாலதான் குறைச்சார். ஞாயித்துக்கிழமைக்காக சனி ராத்திரி வந்து குவியற கூட்டத்துல அம்மாவை நிறுத்த முடியாது. புதன்கிழமை தங்கினா வியாழக்கிழமை காலைல தரிசனம் சுலபம். அவரும் ஒரு விஷயம் சொல்லிக் குடுத்தார். வண்டியை மூஞ்சி வாசல் பக்கம் பாக்கற மாதிரி நிறுத்து, ராத்திரியில பின்னாடி ஒருத்தன் வந்து அடைச்சுட்டா அவசரத்துக்கு வெளிய போக முடியாதுன்னு. சர்க்கரைக்காரங்களை வச்சிருக்கற எனக்கு அது ரொம்ப தேவையான பேச்சு.

2023 ஆடியில போனோம். பதினோரு பேர். சாயங்காலம் ஒரு தூறல் போட்டது, தார்ப்பாயை வண்டிக்கும் மரத்துக்குமா இழுத்துக் கட்டினோம். அம்மா கட்டில்ல உக்காந்து, கோழி சரியா வேகலைன்னு மருமகளை அதட்டிட்டு இருந்தது. வீட்ல ஒரு வருஷமா அதட்டவே இல்ல. ராத்திரி நான் எழுந்து பாத்தப்போ முழிச்சுட்டு இருந்தது. கால் வலிக்குதாம்மான்னு கேட்டேன்.

"இல்லடா. உங்க நைனா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து படுப்பாரே, அந்த நேரம் இது. நீ தூங்கு."

காலைல புடவை மேல வேப்பிலையைக் கட்டிவிட்டோம். சுத்தி வர முடியாதுன்னு சக்கர நாற்காலி கேக்கப் போனான் தம்பி. அவன் வர்றதுக்குள்ள எங்க வீட்டம்மா தோளையும் என் தோளையும் பிடிச்சுட்டு அம்மா பாதி சுத்து வந்துடுச்சு. மீதியை நாற்காலியில வந்தது. தம்பிதான் தள்ளினான். ஒரு நாள்ல போய்ட்டு வந்துடலாம்னு சொன்னவன், இப்போ வருஷா வருஷம் லீவு போடறதே அவன்தான்.

இந்த ஆடிக்கும் அதே மாந்தோப்புதான் பேசியிருக்கோம், மூணாவது வாரம் புதன்கிழமை. தோப்புக்காரர் 1,500-க்கு ஒரு ரூபாய் கம்மி இல்லைங்கறார். பக்கத்து வீட்ல ஒரு ஆயாவுக்கும் இப்போ முட்டி வலி, அவங்களும் வர்றாங்க, அதனால புடவை மறைப்பைக் கொஞ்சம் பெருசா கட்டணும். கமோட் நாற்காலியில ஒரு கால் ரப்பர் தேஞ்சு ஆடுது. ஞாயித்துக்கிழமை திருவொற்றியூர் போகும்போது மாத்தணும்.