மாற்றுக் கட்சிக்காரரோடு கணக்குப் பார்த்தேன்

ஐந்து வருஷம் எங்கள் ஊராட்சிக்குப் பிரசிடெண்ட் கிடையாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் வழக்குகளில் சிக்கி நின்றது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு மட்டும் ஊரகத் தேர்தல் நடந்தபோது, காஞ்சிபுரத்திலிருந்து அப்போதுதான் பிரிந்திருந்த செங்கல்பட்டு மாவட்டம் விடுபட்டது. கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வாக்குப்பதிவு முடிந்து, 12ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். அதுவரை தனி அலுவலர் பொறுப்பில்தான் ஊர்ப் பணம் வந்தது, போனது. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருந்தோம்.

படாளம் கூட்டு ரோட்டிலிருந்து வேடந்தாங்கல் போகிற பாதையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. கரும்பு, நெல், கொஞ்சம் வேர்க்கடலை. இளைஞர்கள் பலர் மறைமலை நகர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான். ஆனால் யார் எந்தக் கட்சி என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெயித்து வந்தது ஒரு பெண்மணி. மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதியவர். அவர் வீட்டார் பரம்பரையாக இரட்டை இலை. நான் மீசை முளைத்த காலத்திலிருந்து உதயசூரியன். என் மனைவியின் தம்பி, என் மச்சான், அந்தப் பக்கத்து ஆள்.

முடிவு வந்த அன்றே டீக்கடையில் எங்களுக்குள் ஆரம்பித்துவிட்டது. "இன்னா மாமா, இனிமே ஊர் துட்டு பத்திரமா இருக்கும். குழுக் கணக்குல ஒரு ரூபா பெசகினதில்ல அந்தப் பொண்ணு" என்றான் மச்சான். "இருபது பேர் குழுவும் ஒரு ஊராட்சியும் ஒண்ணா மச்சான்? எஸ்டிமேட்னா இன்னா, எம்.புக்னா இன்னான்னு தெரியுமா அதுக்கு?" என்றேன் நான். சுற்றியிருந்தவர்களும் அவரவர் கரைவேட்டிக்குத் தகுந்தபடி பேசினார்கள். புதுப் பிரசிடெண்டின் பொருளாதாரத் திறமையைப் பற்றி அன்று அத்தனை பேர் பேசினோம். ஊராட்சிக்கு வருஷத்துக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் திணற வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. எங்கள் தெருவில் ஒரு விளக்கு அணைந்தால் என் மனசுக்குள் ஒரு திருப்தி வரும். குழாயில் தண்ணீர் வராத காலையில், குடத்தோடு நிற்கிற என் மனைவியின் கஷ்டத்தைவிட, சாயங்காலம் மச்சானிடம் இதைச் சொல்லலாம் என்பதே முதலில் தோன்றும். அவனுக்கு எரிகிற விளக்குகள் மட்டும்தான் கண்ணில் படும். ஒரே தெரு, ஒரே இருட்டு, ஒரே வெளிச்சம். பார்ப்பதை முடிவு செய்தது கட்சி.

இது எங்கள் ஊர்க் குணம் மட்டுமல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாக மக்களிடம் கேட்டு வருகிறது: உங்கள் வரவு செலவு எப்படி இருக்கிறது, நாட்டின் பொருளாதாரம் எப்படிப் போகும் என்று. 2016இல் டிரம்ப் ஜெயித்ததும் குடியரசுக் கட்சியினருக்குத் திடீரென்று நம்பிக்கை பொங்கியது. ஜனநாயகக் கட்சியினருக்கு வற்றியது. 2020இல் பைடன் வந்ததும் இரண்டும் இடம் மாறின. 2024இல் மறுபடியும் மாறின. சம்பளமும் சாமான் விலையும் ஒரு ராத்திரியில் மாறிவிடவில்லை. ஜனாதிபதி மாறினார், பார்க்கிற கண்ணும் மாறியது. இதைப் படித்தபோது என் தெருவிளக்குதான் ஞாபகம் வந்தது.

எனக்குப் பாடம் கிடைத்தது 2022 மே 1ஆம் தேதி கிராம சபையில். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் போனது குறை சொல்ல. மச்சான் வந்தது பதில் சொல்ல. ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசிக்க ஆரம்பித்தார். கிராம சபையில் வைக்க வேண்டிய அந்த அறிக்கைக்குப் படிவம் 30 என்று பெயர். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி அவ்வளவு வேகமாக வாசித்தார். "கொஞ்சம் மெதுவா படிங்க சார்" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் மச்சான். தன் பிரசிடெண்ட் சாதித்ததை எல்லோரும் காது குளிரக் கேட்க வேண்டும் என்பது அவன் எண்ணம். எனக்கும் மெதுவாகப் படிப்பதுதான் வேண்டியிருந்தது. என் காரணம் வேறு. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டதால் செயலர் படிவத்தை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படித்தோம்.

அன்றுதான் ஊர்ப் பணம் எந்தெந்த வாய்க்காலில் வருகிறது என்று புரிய ஆரம்பித்தது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அதில் எங்களுக்கு ஒரு துளி, மாநில நிதிக்குழு மானியமாக. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியம் இன்னொன்று. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், ஏரி மீன் குத்தகை, புளியமரக் குத்தகை இவை ஊரே சம்பாதிப்பது. மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்று கணக்கு எண் 2 தனியாக இருக்கிறது. அதிலிருந்து வேறு செலவுக்குத் தொட முடியாது.

15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். மிச்சம் 40 சதவீதத்தில்தான் மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. "பணத்தை வச்சிக்கினு ரோடு போட வக்கில்ல" என்று நானும் என் கட்சிக்காரர்களும் மாசக்கணக்கில் சொல்லி வந்தோம். இருந்த பணத்தில் பெரும்பகுதி ரோட்டுக்குத் தொடக் கூடாத பணம். மச்சான் பக்கமும் இதே கதைதான். "எங்க பிரசிடெண்ட் கொண்டுவந்த நிதி" என்று அவர்கள் கொண்டாடியது, யார் பிரசிடெண்டாக இருந்தாலும் மக்கள்தொகைக் கணக்குப்படி வந்து சேர்கிற மானியம். என் வசையும் அவன் புகழும் காசு வந்த வழியே தெரியாமல் பேசிய பேச்சு.

அப்புறம் வீட்டு வரி பாக்கிப் பட்டியல். அதில் இரண்டு கட்சிக்காரர்களும் சரிக்குச் சமமாக இருந்தார்கள். ஊராட்சியின் நிதி நிர்வாகத்தைப் பற்றி டீக்கடையில் உரக்கப் பேசிய சிலரின் பெயர்களும் இருந்தன. மரத்தடியில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

படிவத்தில் ஒரே செலவு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததை முதலில் பார்த்தது நான். போர்வெல் மோட்டார் பழுது நீக்கம், காயில் கட்டிய கூலி. அதே தெரு, அதே போர்வெல். எனக்கு உடனே 'சிக்கினாங்கடா' என்று தோன்றியது. எழுந்து கேட்டேன். மச்சான் என்னை மறுத்துப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் பட்டியலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "மாமா கேக்கறது ஞாயம்தான். இத்தினி தடவ காயில் கட்டுன துட்டுக்கு ஒரு மோட்டாரே வாங்கியிருக்கலாமே" என்றான். தன் ஆளை எதிர்த்து அவன் பேசி அன்றுதான் கேட்டேன்.

தலைவரம்மா மழுப்பவில்லை. "நான் பில்லு பில்லாத்தான் பாத்தேன் பெரியப்பா. மொத்தமா கூட்டிப் பாக்கல" என்றார். டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் விசாரித்தார். வெயில் ஏற ஏறப் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. மோட்டார் வெறுமனே ஓடிச் சூடாகிறது. சாயங்காலம் வோல்டேஜும் குறைவு. காயில் கருகாமல் என்ன செய்யும்? தண்ணீர் இல்லாவிட்டாலும் வோல்டேஜ் குறைந்தாலும் தானாக நின்றுவிடுகிற பேனல் போர்டு வைப்பது, ஆபரேட்டர் மோட்டார் போடும் நேரத்தை மாற்றுவது என்று தீர்மானம் எழுதினார்கள். அடுத்த கோடையில் அந்தத் தெருப் பெண்கள் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல் கிணற்றுக்குப் போகவில்லை. திருட்டைத் தேடிப் போன என் சந்தேகமும், தன் ஆளை நம்பிய மச்சானின் நியாயமும் ஒரே கேள்வியில் சேர்ந்ததால் நடந்தது அது. என் சந்தேகம் மட்டும் தனியாகப் போயிருந்தால் கட்சிச் சண்டையாக முடிந்திருக்கும். அவன் நம்பிக்கை மட்டும் இருந்திருந்தால் யாரும் கேட்டே இருக்க மாட்டார்கள்.

ஆளைப் பார்க்காமல் கணக்கைப் பார்ப்பது படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். டிராக்டரை லோடோடு எடைமேடையில் ஏற்றுவார்கள். கரும்பை இறக்கிவிட்டுக் காலி வண்டியையும் ஏற்றுவார்கள். ஆபரேட்டர் நல்லவரா, எந்தக் கட்சி என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. சீட்டை வாங்கி, இரண்டு எடையையும் கழித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறோம். பக்கத்து வண்டிக்காரர் மாற்றுக் கட்சியாக இருந்தாலும் எடையில் சந்தேகம் வந்தால் இருவரும் சேர்ந்தே சத்தம் போடுவோம். ஊர்ப் பணத்தில் மட்டும் சீட்டைப் பார்க்காமல் ஆளின் முகத்தைப் பார்க்கிறோம்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் பல ஊர்களில் இருவரும் எதிரெதிர் அணியாக அமைவதுண்டு. இதை வெறும் இழுபறி என்று முன்பு நினைத்திருந்தேன். எவ்வளவு நல்லவரானாலும் ஒரே ஆளிடம் பெட்டியை ஒப்படைக்காதே என்பதுதான் அதன் பொருள் என்று இப்போது படுகிறது.

பெட்டியை ஒரே ஆளிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து இலங்கையில் பார்த்தோம். 2019 நவம்பரில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதியானார். வந்ததும் வாட் வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார். குறைந்த வருமானத்தை எப்படி ஈடுகட்டுவது என்ற எச்சரிக்கைகள் எடுபடவில்லை. 2020இல் நாடாளுமன்றமும் அவர் பக்கம் சாய்ந்தது. ரசாயன உரத்துக்குப் போட்ட தடையும் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தார்கள். ஜூலையில் அவர் நாட்டை விட்டே போனார். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றவர்களில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் போடாதவர்களும் இருந்தார்கள். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க வந்தபோது அங்கும் அதே விவாதம்: இவரை நம்பலாமா, கூடாதா? சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, வரி எவ்வளவு வசூலாகிறது என்று பார்க்கிற குடிமக்கள் இரண்டு பக்கமும் இருந்தால்தான் அந்த விவாதத்துக்கு அர்த்தம் உண்டு.

எங்கள் ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தலைவரம்மாவிடம் எனக்கு இன்றும் ஒப்பாத விஷயங்கள் உண்டு. புளியமரக் குத்தகை ஏலத்தைத் தண்டோரா போட்டு ஊருக்குச் சொல்லவில்லை. அதைக் கிராம சபையிலேயே கேட்டேன், பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. நாளைக்கே தேர்தல் வந்தாலும் போடுவேனா என்பது சந்தேகம்தான். மச்சானும் மாறவில்லை. ஆனால் கிராம சபைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்துவிடுவான். என் பேரன் செல்போனில் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைத் திறந்து, நிதிக்குழுப் பணத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவு எழுதியிருக்கிறார்கள் என்று வாசிப்பான். நான் சந்தேகத்தோடு கேட்பேன், மச்சான் நம்பிக்கையோடு பதில் சொல்வான். இருவருக்கும் விடை கிடைக்காத கேள்வி மறுநாள் மரத்தடிக்குப் போகும்.

2022இல் தமிழக அரசு கிராம சபையை ஆண்டுக்கு ஆறாக உயர்த்தியது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் கூட்டம் மட்டும் இருந்தால் போதாது, பதில் சொல்லத் தலைவரும் வேண்டும். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அந்த 27 மாவட்டங்களிலும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் மாவட்டத்தின் ஐந்தாண்டு 2026 அக்டோபர் வரை. ஒரு பிரசிடெண்ட் இருந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, கேட்க ஆளில்லாமல் ஐந்து வருஷம் இருந்த எங்களுக்குத் தெரியும்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த கிராம சபைக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்களோடு தினமும் அரசியலில் மல்லுக்கட்டுகிற மாமனையோ மச்சானையோ பங்காளியையோ கூட்டிக்கொண்டு போய், படிவம் 30ஐக் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணில் படும்.