மூன்று பாடல்கள், ஆறு வாரங்கள்

பாடல் புனைவதற்கும் கால அட்டவணைக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்பதுண்டு. கற்பனை தானாக ஊற்றெடுக்க வேண்டும். நேரம் குறித்தால் அது வறண்டுவிடும் என்பது அவர்களின் எண்ணம். வீட்டிலேயே பாடல்களைப் பதிவுசெய்த அனுபவம் எனக்கு வேறொன்றைக் கற்றுத் தந்தது.

என் அண்ணன் கித்தார் வாசிப்பார்; நான் பாடுவேன். எங்கள் கைப்பேசிகளில் 40க்கும் மேற்பட்ட மெட்டுகள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் சில விநாடிகளே நீளும். இந்நிலையில், தேசியச் சேவையில் சேர அண்ணனுக்கு அழைப்பு வந்தது. அவர் புலாவ் தேக்கோங் தீவுக்குப் புறப்பட 6 வாரங்களே இருந்தன. அதற்குள் மூன்று பாடல்களை முழுமையாக்கிவிட வேண்டும் என்று இருவரும் உறுதிபூண்டோம்.

வீட்டில் நல்ல இசையை உருவாக்க முடியுமா என்ற ஐயம் எங்களுக்கு எழவில்லை. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தம் அண்ணனுடன் சேர்ந்து, பெரும்பாலும் வீட்டுப் படுக்கையறையிலேயே உருவாக்கிய இசைத்தொகுப்பு 2019இல் வெளிவந்தது. மறு ஆண்டே அது கிராமி விருது பெற்றது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒழுங்கான திட்டம்தான்.

ஒரு பாடலுக்கு 14 நாள்கள் என வகுத்தோம். முதல் 4 நாள்கள் மெட்டமைப்பதற்கு. அந்நாள்களில் எந்த மெட்டையும் குறைகூறக் கூடாது. 5ஆம் நாள் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். அடுத்த 5 நாள்கள் வரிகள் எழுதுவதற்கு. எஞ்சிய 4 நாள்கள் பதிவுக்கு. உருவாக்கும் வேலையையும் எடைபோடும் வேலையையும் பிரித்ததால், அண்ணன் என்ன சொல்வாரோ என்ற தயக்கமின்றித் தோன்றியதையெல்லாம் பாடிப் பார்த்தேன்.

பாடலின் அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டோம். நிமிடத்திற்கு 96 தட்டுகள் என்ற வேகத்தில், 32 தட்டுகள் சரியாக 20 விநாடிகள் நீடிக்கும். அத்தகைய 9 பகுதிகள் சேர்ந்தால் 3 நிமிடப் பாடல். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் ஆகியவற்றுக்கு ஒரு தாளில் 9 கட்டங்கள் வரைந்து சுவரில் ஒட்டினோம். எந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

அடுக்குமாடி வீட்டில் ஓசைகளுக்குக் குறைவில்லை. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு நேராதபடி பகலில் மட்டுமே பதிவுசெய்தோம். துணிகள் எதிரொலியைக் குறைக்கும் என்பதால், உடை அலமாரியைத் திறந்து வைத்து அதன்முன் நின்று பாடினேன். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும். மின்விசிறியை நிறுத்தியதும் வியர்த்துக் கொட்டும். ஆகவே, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஓய்வெடுத்தோம். எந்தப் பகுதியையும் மூன்று முறைக்கு மேல் பாடுவதில்லை. மூன்றில் சிறந்ததை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குச் செல்வோம்.

மூன்றாம் பாடலின் முதல் சரணத்தை இரண்டாம் முறை பாடியபோது திடீரென மழை பெய்தது. சன்னலில் மழை அடிக்கும் ஓசையும் பதிவாகிவிட்டது. ஆயினும், அந்த முறைதான் என் குரலில் உணர்ச்சி நிறைந்திருந்தது. “மழையும் நம்மோடு பாடட்டும்” என்றார் அண்ணன். எங்கள் திட்டத்தில் இல்லாத அந்த மழைக்கும் பாடலில் இடம் கிடைத்தது.

அண்ணன் புறப்படுவதற்கு முந்திய நாள் மூன்று பாடல்களும் தயாராயின. அவர் இல்லாத அறையில் இப்போது அவற்றைக் கேட்கும்போது, முடிக்கப்பட்ட ஒரு பாடலின் அருமை எனக்கு விளங்குகிறது.

கருநாடக இசைக் கலைஞர்கள் கற்பனைச் சுரங்களைத் தாளத்தின் கட்டுக்குள்தான் பாடுகிறார்கள். தாளம் அவர்களின் கற்பனையை முடக்குவதில்லை. அது துணிந்து தாவவும் தவறாமல் திரும்பி வரவும் ஓர் இடத்தைத் தருகிறது. சுவரில் ஒட்டியிருந்த அந்த 9 கட்டங்களும் எங்களுக்கு அதைத்தான் செய்தன.