முள் விலகும் இடம்

டேஞ்சன்ட் கால்வனாமீட்டரின் முள் ஆடி அடங்குவதற்குள் நம் பொறுமை போய்விடும். பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அப்படி எத்தனையோ மத்தியானங்கள் போயின. "சாவி, இரும்பு எதுவும் கிட்ட இருக்கக் கூடாதுல்லா, எடுத்துத் தூர வைங்கடே" என்பார் சார். எடுத்து ஜன்னலோரம் வைப்போம். பிளக் கீயைச் செருகியதும் முள் விலகும். செம்புக் கம்பி முள்ளைத் தொடவே இல்லை, நடுவில் வெறும் காற்று. அந்த விலகல் எனக்கு இன்றுவரை பழகிப்போகவில்லை.

1820 ஏப்ரலில் கோபன்ஹேகனில், விரிவுரையின் நடுவே ஓர்ஸ்டெட் பார்த்ததும் இதைத்தான். ஜூலையில் லத்தீனில் நாலே பக்கம் எழுதி ஐரோப்பா முழுக்க அனுப்பினார். செப்டம்பரில் பாரிஸில் அரகோ அதைச் செய்து காட்டினார். ஆம்பியர் அப்போதே வேலையைத் தொடங்கி, மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும் என்று கண்டார்.

மின்சாரம் காந்தத்தை அசைக்குமென்றால், காந்தம் மின்சாரத்தைத் தராதா? இந்தக் கேள்வியோடு பலர் அலைந்தார்கள். அவர்களில் ஜெனீவாவின் கொல்லடோனை நினைத்தால் மனசு கனக்கிறது. 1825இல் அவர் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தார். காந்தம் முள்ளை நேரடியாக இழுத்துவிடக் கூடாதே என்று கால்வனாமீட்டரைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். நுழைத்துவிட்டு நடந்துபோய்ப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. எங்கள் சார் சொன்ன அதே கவனம்தான் அவரிடமும் இருந்தது. அவர் நடந்துபோன நேரத்தில் முள் விலகித் திரும்பியும் விட்டது.

1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி, ஒன்றை பேட்டரியோடு இணைத்தார். இணைத்த நொடியில் மற்ற சுருளின் முள் துள்ளி அடங்கியது. துண்டித்த நொடியில் எதிர்ப்பக்கம் துள்ளியது. நடுவில் எவ்வளவு நேரம் மின்சாரம் ஓடினாலும் முள்ளில் அசைவில்லை. அக்டோபர் 17 அன்று காந்தத்தையே சுருளுக்குள் தள்ளிப் பார்த்தார். தள்ளும்போதும் இழுக்கும்போதும் மட்டும் முள் விலகியது. சும்மா கிடக்கும் காந்தம் சுருளில் மின்சாரம் தராது. நின்றுவிட்ட மின்னூட்டம் முள்ளைத் திருப்பாது. இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொள்வது அசைவில்தான்.

இதை என் கால் முன்னமே அறிந்திருந்தது. அப்பாவின் சைக்கிளில் டைனமோவை டயரில் சாய்த்துவிட்டால் உர்ரென்ற சத்தத்தோடு ரோட்டில் வெளிச்சம் விழும், மிதியும் கனத்துவிடும். "வெளக்கு எரியணும்னா மிதிச்சுத்தாம்ல ஆகணும்" என்பார். உள்ளே சுழலும் காந்தம் சுருளில் மின்சாரத்தைக் கிளப்ப, அந்த மின்சாரமே ஒரு காந்தமாகி, சுழல்வதைத் தடுக்கிறது. அந்தத் தடையை வெல்லும் உழைப்புதான் பல்பில் எரிகிறது. சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும்.

முள்ளுக்கே திரும்புகிறேன். ஆய்வக ஜன்னலில் மேற்கே மலைத்தொடர் தெரியும். அங்கேதான் பொதிகை. ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அந்தச் சிகரத்தில் 1850களில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் இருந்தது என்பதை அந்நாளில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. திருவனந்தபுரம் வான் ஆய்வகத்தின் இயக்குநரான ஜான் ஆலன் பிரௌன் அதைக் கட்டினார். மலையிலும் கீழே திருவனந்தபுரத்திலுமாகக் காந்த முள் நாள்தோறும் துளித்துளியாக விலகித் திரும்புவதைக் குறித்துவைத்தார்கள். 1874இல் அது நூலாக வந்தது. பிரௌன் 1879இல் மறைந்தார். மூன்று ஆண்டு கழித்து பால்ஃபர் ஸ்டூவர்ட், மேல்காற்றில் ஓடும் மின்சாரம்தான் அந்த முட்களைத் திருப்புகிறது என்று எழுதினார். கம்பியே இல்லாமல், வானத்தில்!

அவர் சொன்னது சரி. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதன்மேல் நூறு கிலோமீட்டருக்கும் சற்று மேலே பகலெல்லாம் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது; நண்பகலை ஒட்டி வலுக்கிறது. 1963இல் தும்பாவிலிருந்து ராக்கெட் விடத் தொடங்கியதற்கு இந்தக் கோடும் ஒரு காரணம். திருநெல்வேலியிலேயே இந்த மின்னோட்டத்தை ஆராயும் கூடம் இருக்கிறது.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோபன்ஹேகனைச் சொல்லும்போது பொதிகையையும் சொல்லுங்கள்.