பரலில் பிறந்த இசை

பரல் என்றால் எமது பகுதிப் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மண் நிரப்பிய பரல்தான். யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். கண்டதும் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதே பரலில் இருந்து ஒரு வாத்தியம் செய்கிறார்கள் என்று மகன் சொல்லி, கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினான். தகரச் சத்தத்தை எதிர்பார்த்த என் காதுக்கு மணியோசை போல ஒன்று கேட்டது. அன்றிலிருந்து இரவுச் சமையல் முடிந்தால் அதைக் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அதன் பெயர் ஸ்டீல் பான். பிறந்த இடம் கரிபியன் கடலிலுள்ள டிரினிடாட் தீவு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் சந்ததியினருக்கு மேளமே பேச்சாகவும் பிரார்த்தனையாகவும் இருந்தது. மேளம் கொட்டினால் சனம் கூடும், கூடினால் கலகம் வரும் என்று பயந்த பிரித்தானிய ஆட்சி 1880களில் அதற்குத் தடை போட்டது. மக்கள் மூங்கிலை வெட்டி நிலத்தில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930களில் பிஸ்கட் தகரம், குப்பை வாளி எனக் கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டினார்கள். 1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவற்றைக் கொட்டிக்கொண்டுதான் வீதிக்கு வந்தார்கள். பிறகே 55 கலன் எண்ணெய்ப் பரலுக்கு மாறினார்கள். டிரினிடாட் எண்ணெய் எடுக்கும் நாடு, பரலுக்குப் பஞ்சமில்லை.

செய்யும் முறையைச் சொன்னால் எமது கொல்லர்களுக்கு உடனே விளங்கும். பரலின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் அடித்து அடித்துச் சட்டி போலக் குழிக்கிறார்கள். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம் குறித்து, தீயில் காட்டி, மீண்டும் சிறு சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்க்கிறார்கள். ஒரு தட்டு கூடினாலும் சுரம் பிசகிவிடும். வாசிப்பது றப்பர் சுற்றிய சிறு கோல்களால்.

அங்கேயும் இது பெண்களுக்கு உடனே கிடைத்துவிடவில்லை. ஆரம்ப காலத்தில் பான் அடிப்பவன் என்றால் ரவுடி என்றுதான் பேச்சு. குழுக்களுக்கிடையே வெட்டுக்குத்தும் நடந்தது. பயிற்சி நடக்கும் வளவுக்குள் போகும் பெண்ணின் பெயர் கெட்டுவிடும். இப்படிப்பட்ட நேரத்தில், 1950களின் தொடக்கத்தில், ஹேசல் ஹென்லி என்பவர் பெண்களை மட்டும் சேர்த்து ‘கேர்ள் பாட்’ என்ற குழுவை அமைத்தார். ‘நல்ல குடும்பத்துப் பெண்கள்’ பரலுக்கு முன்னால் நின்றதும் ஊர்வாயின் சுருதி கொஞ்சம் இறங்கியது. ஆண்கள் அடித்தால் ரவுடித்தனம், படித்த பெண்கள் அடித்தால் கலை! இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் துணிவு பிடிக்கிறது.

எமது ஊரிலும் மேளம் இல்லாமலில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் பேரால் கொடியேறும் நாட்களில் பக்கீர்மாரின் றபான் ஓசை கேட்டு வளர்ந்தவள் நான். தோலைத் தணலில் காட்டிச் சூடேற்றுவதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். டிரினிடாட்டிலும் முஹர்ரம் காலத்தில் ‘ஹொசே’ ஊர்வலத்தில் அப்படியே சூடேற்றி ‘தாசா’ மேளம் அடிக்கிறார்களாம். 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்கள் கொண்டுபோனது அது. சென்னையிலிருந்து போன தமிழரும் அவர்களில் இருந்தனர். 1884இல் அந்த ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் பலர் இறந்தார்கள். அந்த இந்திய வம்சத்தில் வந்த ஜித் சமரூ பிற்காலத்தில் ஸ்டீல் பான் இசையமைப்பாளராகி, ரெனகேட்ஸ் குழுவுக்கு ‘பனோரமா’ போட்டியில் 9 தடவை வெற்றி தேடிக் கொடுத்தார்.

எமது பெண்களுக்கு இருந்ததெல்லாம் கல்யாண வீட்டுக் குரவையும் தாலாட்டும்தான். உம்மம்மா குடத்தில் தாளம் போட்டுப் பாடுவார். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. ‘பொம்புளைக்கு என்ன மேளம்?’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. கேட்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒருநாளைக்கு போர்ட் ஒஃப் ஸ்பெயின் போய் அந்தப் போட்டியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகன் சிரிக்கிறான், கொழும்புக்குப் போவதற்கே நான் ஒரு வாரம் யோசிப்பவள் என்று. சிரிக்கட்டும். ஒன்பது முழுப் பரல்களை ஒரே ஆளாக வாசிப்பதும் உண்டு. நான் பார்த்த படத்தில் அது ஒரு பெண். சுற்றிலும் பரல்கள், நடுவில் அவள், திரும்பித் திரும்பி அடிக்கிறாள். அதை நேரில் பார்க்க வேண்டும்.