கையால் பார்க்கிற தண்ணீர்

முதுகலைச் சமூகவியலில் கூடப் படித்த நண்பர்கள் இருவர் அந்தமானில் ஸ்நார்க்கெலிங் முடித்துவிட்டு வடசென்னைக்கு வந்திருந்தார்கள். ஒருவர் நாக்பூர், இன்னொருவர் டெல்லி. "உங்கள் பக்கம் தீவு எதுவும் இல்லையா?" என்று கேட்டார்கள். ஏன் இல்லை? காட்டுப்பள்ளி இருக்கிறதே. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம்.

திருவொற்றியூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, அத்திப்பட்டு வழியாகப் போனோம். வழியில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், ஆற்றைக் கடந்து செல்லும் சாம்பல் குழாய்கள், நிலக்கரி இறங்கும் காமராஜர் துறைமுகம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தையும் சொன்னேன். டெல்லித் தோழி, "அப்புறம் தீவில் என்ன மிஞ்சும்?" என்றாள்.

நாக்பூர்க்காரன் பையிலிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்தான். இங்கே அதைப் போட்டுக்கொண்டு முங்கினாலும் ஒன்றும் தெரியாது. கழிமுகத் தண்ணீர் இயல்பிலேயே கலங்கல், அதற்காக ஆலைகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே தண்ணீரில் மார்பளவு இறங்கி இருளர் பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, படகு இல்லை. பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி நகர்கிறார்கள். விரலில் இறால் தட்டினால் பிடித்துக் கூடையில் போடுகிறார்கள். மணிக்கணக்கில் இதே வேலை. கல்லும் கிளிஞ்சலும் கிழித்த விரல்கள். இப்போது 'காக்கா ஆழி' என்கிற அந்நியச் சிப்பி வேறு அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கிறது. அது படர்ந்த இடத்தில் தடவ மண்ணே இல்லை.

நண்பன் இறங்கிப் பார்க்கிறேன் என்றான். "காலத் தூக்கி வெக்காத தம்பி, தேச்சுக்கினே நட. கெளுத்தி முள்ளு ஏறிடும்" என்றார் ஓர் அக்கா. நான் மொழிபெயர்த்தேன். அரை மணி நேரம் தடவினான், இரண்டு இறால் கிடைத்தது. அக்கா சிரித்துவிட்டுத் தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தார். கரையேறியதும் அவன் 1927இல் மகத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் அள்ளிக் குடித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அங்கே தண்ணீரைத் தொடக்கூடாது என்றார்கள், இங்கே நாள் முழுக்கத் தண்ணீரில்தானே இருக்கிறார்கள் என்றான்.

கடலுக்குச் சாதி இல்லை என்று நம்மிலேயே சிலர் சொல்கிறோம். பழவேற்காட்டுப் பக்கம் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற, பல தலைமுறையாக ஓடுகிற நல்ல ஏற்பாடு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பட்டினவர் ஊர்களுக்குள் நடக்கிற பங்கீடு. கையால் தடவிப் பிடிக்கிற இருளருக்கும் தலித்துகளுக்கும் அதில் பாடு கிடையாது. மற்றவர்கள் வலை போடாத ஓரத்துச் சேறுதான் அவர்களுக்கு.

இந்த ஓரம் நிவாரணத்திலும் தொடரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்தது. படகைச் சரிசெய்ய ஒரு படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தேவைதான், படகில் தார் மாதிரி அப்பியிருந்தது. ஆனால் எண்ணெய்ச் சேற்றில் கையை விட்டவருக்கு அந்தக் கையே படகு, அதே வலை. கையைச் சரிசெய்ய எந்தத் தலைப்பில் விண்ணப்பிப்பது?

கணக்கெடுப்புப் படிவத்தோடு எண்ணூருக்கு வரப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'படகு உண்டா, எத்தனை குதிரைசக்தி' என்பதற்கு முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கரையில் நிற்கிற ஆண்களிடம் அல்ல, அந்த அக்காக்களிடம். அலை வற்றும் நேரம் பார்த்துப் போனால்தான் அவர்களைப் பிடிக்க முடியும்.