நீர்க்கட்டி என்னும் சொல்

நோய்க்குப் பெயரிடுவது மருத்துவர் தொழில். அப்பெயரைக் கேட்டு அஞ்சுவது பெற்றோர் தொழில் போலும். 2020ஆம் ஆண்டின் இறுதியில், பத்தொன்பது வயது நிரம்பிய எங்கள் மகளுக்கு ஐந்து மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை என்றறிந்து, அருகிலுள்ள நகருக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்தோம். அங்கிருந்த பணியாளர் எங்களைத் தனியே அழைத்து, "கருப்பையில் நீர்க்கட்டி, நிறைய இருக்கிறது" என்றார். 'நிறைய' என்பதை அவர் சற்று அழுத்திச் சொன்னதாகவே இன்றும் தோன்றுகிறது. எங்கள் இருவருள் ஒருவர் தமிழாசிரியர். சொற்பொருள் ஆராய்வதையே பிழைப்பாகக் கொண்டவர். ஆயினும் 'கட்டி' என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே அறுவை, புற்று, மலடு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருளை அடுக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அந்தத் தாளை இரும்புப் பெட்டியில் நகைச் சீட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம். மகளிடம், "ஒன்றுமில்லையம்மா, சத்துக் குறைவுதான்" என்றோம். மகளிர் மருத்துவமனை வாசலில் திருமணமாகாத பெண்ணோடு நின்றால், அச்செய்தி எங்களுக்கு முன்னரே எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். எனவே, உறவினர் ஒருவர் கூறியவாறு கழற்சிக்காய்ப் பருப்பை மிளகுடன் பொடித்து நாள்தோறும் கொடுத்தோம். கட்டி கரைந்துவிடும் என்றார்கள். கசப்பில் அதற்கு நிகரான பொருள் உண்டோ என்பது ஐயமே. அவள் முகம் சுளித்தாளேயன்றி, எதற்கென்று கேட்கவில்லை. கேட்காதது ஏன் என்று நாங்களும் எண்ணிப் பார்த்தோமில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. ஊரே முகக்கவசத்தை நொந்துகொண்டிருந்தபோது, அவள் மட்டும் வீட்டுக்குள்ளும் அதனைக் கழற்றாதிருந்தாள். எங்கள்பால் உள்ள அக்கறை என்று மகிழ்ந்தோம். ஒரு நாள் விடியற்காலையில் கண்ணாடி முன் நின்று, மோவாயில் முளைத்திருந்த முடிகளை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான் உண்மை விளங்கிற்று. அன்றே பெட்டியைத் திறந்தோம்.

மருத்துவமனைகளோ நிரம்பி வழிந்தன, பேருந்துகளும் இல்லை. மைய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலை மருத்துவ நெறிமுறைகளின்படி மருத்துவர்கள் காணொலி வாயிலாக நோயாளியைக் கண்டு மருந்தெழுத இயலும் என்பதைச் செவிலியரான உறவுப் பெண் ஒருத்தி எடுத்துரைத்தாள். சென்னையில் உள்ள மகளிர் மருத்துவர் ஒருவரிடம் அவளே நேரம் பெற்றும் தந்தாள்.

கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்து, மகளை நடுவில் அமர்த்தி, இருபுறமும் நாங்கள் அமர்ந்தோம். மருத்துவர் நான்கு வினாக்கள் வினவினார்; நான்கிற்கும் நாங்களே விடையளித்தோம். ஐந்தாவது வினாவுக்கு முன் அவர் நிறுத்தி, "ஐயா, அம்மா, நீங்கள் இருவரும் சற்று வெளியே இருங்கள். அவரே பேசட்டும். பிறகு அழைக்கிறேன்" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆயினும் மறுக்க இயலவில்லை. நாற்பது நிமிடங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தோம். எங்கள் வீட்டிலிருந்தே எங்களை ஒருவர் வெளியேற்றியது அதுவே முதன்முறை.

மீண்டும் அழைத்தபோது அவர் கூறியவற்றுள் முதலாவது, அது கட்டியே அன்று என்பது. கருப்பையிலும் அன்று, சினைப்பையில். முட்டைகள் வளரத் தொடங்கி, முதிராமல் இடையில் நின்றுபோன நுண்பைகளே ஸ்கேனில் மணிமணியாகத் தெரிகின்றன. சிகாகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்னும் இருவர் 1935இல் இதனைப் பற்றி எழுதினர். பிழையான அப்பெயரே நிலைத்துவிட்டது. மாதவிலக்குச் சீராக இல்லாமை, ஆண் இயக்குநீர் மிகுதி, ஸ்கேனில் காணும் தோற்றம் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் அமைதல் வேண்டும் என்பது 2003இல் ராட்டர்டாமில் வகுக்கப்பெற்ற அளவுகோல். அதற்குமுன் தைராய்டு முதலிய பிற காரணங்கள் இல்லையென்று உறுதி செய்தாக வேண்டும். "ஏறத்தாழப் பத்துப் பெண்களுள் ஒருவருக்கு இது உண்டு. மலடு என்ற சொல்லை இனி அந்த வீட்டில் சொல்லாதீர்கள்; வேண்டும் காலத்தில் முட்டை வெளிப்படத் தூண்டும் மாத்திரைகள் இருக்கின்றன" என்றார். அச்சொல்லை மகள் கேட்கும்படி நாங்கள் ஒருபோதும் உரைத்ததில்லையே என்று ஒருவரையொருவர் நோக்கினோம். சுவருக்கு அப்பால் அவள் எத்தனை இரவுகள் கேட்டிருந்தாளோ!

ஆய்வகத்தார் வீட்டிற்கே வந்து குருதி எடுத்துச் சென்றனர். 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 156. அது 140க்குள் இருந்திருக்க வேண்டும். இன்சுலினை உடல் சரிவர ஏற்காததால் அது மேலும் மேலும் சுரக்க, அதன் தூண்டுதலால் சினைப்பை ஆண் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்க, முட்டை தேங்கிவிடுகிறது. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இரவு உணவுக்குப்பின் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கால் வாடினாள். சோறு பாதியாயிற்று, சுண்டலும் கீரையும் கூடின. தெருவின் கண்களுக்கு அஞ்சி மொட்டைமாடியில் நடந்தாள்.

இடர்ப்பட்டது கருத்தடை மாத்திரையில்தான். விலக்கைச் சீராக்கிக் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் போகாமல் காக்கவும், முடி வளர்ச்சியைக் குறைக்கவும் அதுவே ஏற்றதென்றார் மருத்துவர். ஆயினும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்த்து வந்த பின்னரே எழுதுவேன் என்று உறுதியாக நின்றார். திரைவழி இயலாதவை சில உண்டென்பதை அவர் மறைக்கவில்லை. மணமாகாத பெண்ணுக்கு அம்மாத்திரையை எந்த மருந்துக்கடையில் வாங்குவது? நாங்கள் இரண்டு நாள் தயங்கினோம். மூன்றாம் நாள் அவளே சீட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்று வாங்கி வந்து, சமையலறை அலமாரியில் உப்புச் சாடியின் அருகில் வைத்தாள்.

ஓராண்டில் 74 கிலோ எடை 69 ஆயிற்று. முடி குறைந்தது, முற்றும் நீங்கவில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகு நாற்பது நாளுக்கொரு முறை விலக்கு வருகிறது, தவறுவதும் உண்டு. தொண்ணூறு நாள் கடந்தால் உடனே அழைக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. பூசையறைக் கதவுக்குப் பின்னிருந்த நாட்காட்டியைக் கூடத்தில் மாட்டி, சிவப்பு மையால் சுழித்து வருகிறாள். 2023இல் பெண் கேட்டு வந்தோரிடம் இதனை மறைக்கலாம் என்றோம், அவள் இசையவில்லை. அந்த வரன் அமையவில்லை. காரணம் இதுதானோ என்று நாங்கள் அவ்வப்போது எண்ணுவதுண்டு. அவள் எண்ணுவதாகத் தெரியவில்லை. இக்கட்டுரையையும் அவளிடம் காட்டியே அனுப்புகிறோம். இரண்டு வரிகளை அடித்துவிட்டாள்.

ஆறு திங்களுக்கொரு முறை வரும் ஆலோசனை இன்று மாலைதான். யாரும் சொல்லாமலே எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டோம். உள்ளே பேச்சொலி கேட்கிறது. இடையிடையே சிரிப்பும் கேட்கிறது. சொற்கள் ஒன்றும் புரியவில்லை.